மடித்த இலைக்குள் ஒரு ரீடெய்னர்

அன்புள்ள சரவணா,

நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவர்கூட நம்பமாட்டார்கள். இதை உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, தாம்பரம் ரயில் நிலையத்தின் அத்தனை பிளாட்பாரங்களையும் சாட்சி வைத்துச் சொல்கிறேன். நீ நம்பமாட்டாய். உன் அம்மா முதல் பாராவிலேயே "ஆரம்பிச்சுட்டாரு" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு மாலை போடப்போகும் நித்யா மரியாதைக்காக ஒரு பக்கம் நம்புவாள். குற்றம் என்னுடையதுதான். பள்ளிக்கரணை சதுப்பில் நான் பிடித்த விரால் மீன் என்னைத் தோளில் தூக்கிவந்து பஸ் ஏற்றிவிட்டது என்று நம் காலனி முழுக்கச் சொல்லிவைத்தவன் நான். என்னைத் தெருவில் பார்த்தால் பெரியவர்களே "அங்கிள், ஒண்ணு அவுத்து விடுங்க" என்கிறார்கள். அப்படிப்பட்ட வாயிலிருந்து ஒரு நிஜம் வந்தால், அதற்குப் பாவம், உட்கார நாற்காலி கூடக் கிடைக்காது.

இதை எழுதும்போது என் எதிரில், மேஜையின்மேல், நீ பல்லுக்குப் போடும் ரீடெய்னரின் பெட்டி இருக்கிறது. நீல நிறம், சோப்பு டப்பாவில் பாதி அளவு. போன ஞாயிற்றுக்கிழமை நீயே என் கையில் கொடுத்தது. அன்று நித்யாவும் அவள் பெற்றோரும் வந்திருந்தார்கள். தாலியை நம் வீட்டிலிருந்து கூடுவாஞ்சேரி மண்டபத்துக்கு யார் எடுத்துவருவது என்று பேச்சு வந்தது. நித்யாவின் அப்பா, "மாப்பிள்ளையே எடுத்துட்டு வரட்டுமே" என்றார். உன் அம்மா பதறிப்போனாள். "யாரு, எங்க தொலைச்சான் கிட்டயா? நல்லா சொன்னீங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நீ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். "ஆமா அங்கிள், என்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க. ஜி.எஸ்.டி. ரோட்டுலயே விட்டுட்டு வந்துடுவேன்" என்றாய். நித்யா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி, "நிஜமாவே அவ்ளோ மறதியா அங்கிள் இவரு?" என்று கேட்டாள். நான் என்ன செய்தேன்? வழக்கம்போல மாட்டுக் கதையை எடுத்துவிட்டேன். அவர்கள் கிளம்பிய பிறகு நீ உபரியாக வைத்திருந்த இந்தப் பெட்டியை என்னிடம் நீட்டி, "கல்யாணத்தன்னிக்கு சாப்பிடுற நேரத்துல நீங்களே வச்சுக்கோங்கப்பா. உங்ககிட்ட இருந்தா பத்திரம்" என்றாய்.

என்னிடம் இருந்தால் பத்திரம்! சரவணா, அன்றிலிருந்து இந்தப் பெட்டி என்னை முறைத்துக்கொண்டிருக்கிறது. காபி குடித்தால் முறைக்கிறது. பேப்பர் படித்தால் முறைக்கிறது. ஆகவே உன் கழுத்தில் மாலை விழுவதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நீ படித்து முடித்த அடுத்த நிமிஷம் இதே கடிதத்தை நம் குடும்ப குரூப்பிலும் போடப்போகிறேன். ஊரறிய உனக்கு வைத்த பெயரைத் தனியறையில் வைத்து எடுக்க முடியாது. உன் ரீடெய்னர் எப்படித் தொலைந்தது என்ற கதை இது.

முதலிலிருந்து வருகிறேன். உனக்குப் பதின்மூன்று வயதில் முன்பற்கள் இரண்டும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்டு, காலை நேரத்து பீச் ரயிலில் படியில் தொங்குகிறவர்கள் மாதிரி நின்றன. கோரைப்பல் ஒன்று இடம் கிடைக்காமல் ஈறின் உச்சியில், குன்றத்தூர் மலைமேல் முருகன் மாதிரி, தனியாகக் குடியிருந்தது. நீ வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினாய். குரோம்பேட்டை டாக்டரம்மாவிடம் போனோம். அவர் நான்கு பிளாஸ்டிக் வாய்களை மேஜைமேல் வரிசையாக வைத்தார். "இது மெட்டல். ஒவ்வொரு பல் மேலயும் சின்னதா ஒண்ணு ஒட்டி, கம்பி கோத்து, மாசாமாசம் டைட் பண்ணுவோம். இவன மாதிரி கேஸுக்கு இது தான் கெட்டி. இது செராமிக். பல் கலர்லயே இருக்கும், அவ்வளவா தெரியாது. ஆனா சீக்கிரம் உடையும். இது பல்லுக்குப் பின்பக்கம் ஒட்டுறது. வெளிய தெரியவே தெரியாது, நாக்கு தான் பாவம். இது அலைனர். கண்ணாடி மாதிரி, கழட்டி மாட்டலாம். சாப்பிடுற நேரம், பல் தேய்க்கிற நேரம் தவிர வாயிலயே இருக்கணும். பையன் பொறுப்பா இருந்தா தான் இது." நான் மீசையைத் தடவிக்கொண்டு, "தங்கத்துல கிடையாதா டாக்டர்?" என்றேன். உன் அம்மா என் காலை மிதித்தாள். நீ மெட்டலைக் காட்டி, "இதுவே போடுங்க. கம்பியப் புடிக்கிற ரப்பர் மட்டும் நீலக் கலர்ல" என்றாய்.

இரண்டரை வருஷம். ஒவ்வொரு தடவை முறுக்கும்போதும் உன் தாடை எலும்புகள் முனகுவது செங்கல்பட்டு வரை கேட்டது என்று நான் சொல்லித் திரிந்தேன். நிஜத்தில் நீ ஒரு சத்தமும் போடவில்லை. முறுக்கிய நாளில் தயிர்சாதத்தை மென்று விழுங்க முடியாமல் பேசாமல் உட்கார்ந்திருப்பாய். முறுக்குக்கும் வேர்க்கடலைக்கும் மாம்பழத்தின் கொட்டையைச் சப்புவதற்கும் தடை. உன் எதிரில் நான் முறுக்கு தின்றேன். அதற்கும் இப்போதே மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். கம்பியைக் கழற்றிய அன்று கண்ணாடி முன் நின்று எட்டு விதமாகச் சிரித்துப் பார்த்தாய். அப்போது டாக்டரம்மா சொன்னார்: "சந்தோஷப்பட்டுக்கோ. ஆனா இப்ப தான் பாதி வேலை முடிஞ்சுது. பல்லைச் சுத்தி இருக்கிற எலும்பும் நாரும் இன்னும் இறுகல. விட்டா பழைய எடத்துக்கே போகப் பாக்கும். புடிச்சு வைக்கிறதுக்குத் தான் இந்த ரீடெய்னர்." மேல்வரிசைக்கு அச்செடுத்துச் செய்த, தண்ணீர் மாதிரித் தெளிந்த மூடி. சாப்பிடும்போது மட்டும் கழற்ற வேண்டும். அவர் விரலை ஆட்டிச் சொன்ன வாக்கியம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "வாய், இல்லைன்னா பெட்டி. மூணாவது எடம் கிடையாது."

மூன்றாவது இடத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

அடுத்த மாதம் உன் மாமா கல்யாணம், தாம்பரத்தில். உனக்குப் பதினாறு வயது, முதல் பட்டு வேட்டி. சட்டைப் பையில் இந்த மாதிரியே ஒரு பெட்டி புடைத்துக்கொண்டிருந்தது. "பையில தவளை உக்காந்திருக்கிற மாதிரி இருக்குடா. போட்டோவுல அசிங்கமா விழும், குடு இங்க" என்று வாங்கி, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். நீ, "சாப்பிடும்போது வேணும்பா" என்றாய். "அப்ப பாத்துக்கலாம்" என்றேன். பந்தியில் உட்கார்ந்தபோது நீ கேட்டாய். ஸ்கூட்டர் மண்டபத்துக்கு வெளியே, முந்நூறு வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. சாம்பார் வந்துகொண்டிருந்தது. நீ வேறு வழியில்லாமல் ரீடெய்னரைக் கழற்றி, இலையின் மேல் ஓரத்தில், உப்புக்குப் பக்கத்தில் வைத்தாய். வைத்த இடத்தில் அது இருப்பதே தெரியவில்லை. பாயசம் போட்ட நேரத்தில் மேடையிலிருந்து ஆள் வந்தது: "அக்கா பையன் எங்க? ஃபேமிலி போட்டோ!" நீ எழுந்தாய். என் தோளைத் தொட்டு, "அப்பா, இலையப் பாத்துக்கோங்க. ரீடெய்னர் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நம் ஊர்ப் பந்தியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் ரசத்துக்கு வரும்போதே அடுத்த பந்திக்காரர் நம் நாற்காலி முதுகில் கையை வைத்துவிடுவார். அன்றைக்கு உன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நல்ல ஆகிருதி. அவர் மூச்சு என் பிடரியில் பட்டது. "சார், இது ஆச்சா?" என்றார். "இல்ல சார், பையன் வருவான்." மோர் ஊற்றிவிட்டுப் போனார்கள். "சார், பையன் வரல போலிருக்கே. பின்னாடி வயசானவங்க நிக்கறாங்க." நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு கிழவர் தடியோடு நின்றார். பத்துப் பேர் என்னையே பார்த்தார்கள். நான் மாப்பிள்ளையின் அக்கா புருஷன். கல்யாண வீட்டுக்காரன், பெரிய மனுஷன், தாராளப் பிரபு! "ஆச்சு, ஆச்சு, உட்காருங்க!" என்று எழுந்து, இந்தக் கையால், இதோ இந்தக் கடிதத்தை எழுதும் வலது கையால், உன் இலையின் மேல்பாதியை எடுத்து, நம் பக்கமாக, முறைப்படி, அழகாக மடித்தேன். உன் வார்த்தை அந்த நிமிஷத்தில் என் தலையில் இல்லை. அந்தப் பத்துப் பேரிடம் கிடைக்கப்போகும் பாராட்டு மட்டும்தான் இருந்தது. இலை எடுக்கிற அம்மா ஒரே வீச்சில் அள்ளிக்கொண்டு போனாள்.

நீ ஈரக்கையைக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாய். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் உன் இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "அப்பா, என் இலை எங்க?" என்றாய். அப்போதுதான் நீ சொல்லிவிட்டுப் போனது எனக்கு நினைவுக்கு வந்தது. "எடுத்துட்டாங்கப்பா" என்றேன்.

அந்தச் சொல்லைப் பார், சரவணா. எடுத்துட்டாங்க. யார்? யாரோ. அதில் நான் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் புகுந்து உட்கார்ந்தவன்தான், பதினொரு வருஷமாக வெளியே வரவில்லை.

சமையல்கட்டுக்குப் பின்னால் ஓடினோம். நீலப் பீப்பாய்கள் மூன்று, வழிய வழிய இலைகள். கேட்டுக்கு வெளியே இரண்டு மாடுகள் காத்துக்கொண்டிருந்தன. இலை எடுத்த அந்த அம்மா இடுப்பில் கைவைத்து எங்களைப் பார்த்தாள். "இன்னா சார், இன்னாத்த தேடிகினு கீற?"

"பல்லுக்குப் போடுற மூடிம்மா. கண்ணாடி மாதிரி இருக்கும்."

"கண்ணாடி மாரியா? ரசமும் பாயசமும் ஊறிப்போன எலையில கண்ணாடிய எப்டி சார் பாக்குறது? மோதிரம் தேடிக் குட்த்துகீறேன், தோடு தேடிக் குட்த்துகீறேன். பல்லு தேடுறது இது தான் மொத தபா." சிரித்தாள். ஆனால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் பீப்பாயைக் கவிழ்த்தும்விட்டாள். "குப்பை வண்டி வர்ற நேரம். எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்க முடியாது. மடிச்ச எலையா, மடிக்காத எலையா? அத்த சொல்லு மொதல்ல."

நீ உடனே சொன்னாய். "மடிக்காதது. தொறந்து தான் வச்சுட்டுப் போனேன். நான் மடிக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். "இன்னா சார், நீ பக்கத்துல தான குந்திகினு இருந்த? புள்ள சொல்றது சரியா?"

கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு சொல் போதும். 'மடிச்சது.' அதைச் சொல்லியிருந்தால் தேட வேண்டியது பாதியாகியிருக்கும். கிடைத்திருக்கும் என்றுகூட நினைக்கிறேன். என் நாக்குக்குப் பின்னால் யாரோ கம்பி ஒட்டிவிட்டது போல இருந்தது. "அவன் சொல்ற மாதிரியே பாரும்மா" என்றேன். நீ பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை சாம்பாரோடு, திறந்த இலைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். அவளும் திறந்த இலைகளையே பார்த்தாள். நான் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திருடன் மாதிரி, மடித்த இலைகளைப் பிரித்தேன். ஒன்று, இரண்டு, பத்து. வாழைக்காய், வடை, அப்பளத் துண்டு. ஒரு தடவை பளபளவென்று ஏதோ தெரிந்தது. பாய்ந்து எடுத்தேன். ஐஸ்கிரீம் கப்பின் மூடி.

அந்த நேரத்தில் உன் அம்மா பட்டுப்புடவை சரசரக்க வந்தாள். "என்னடா கோலம் இது? மடிச்ச இலையத் தான் எடுத்தோம்னு உள்ள சொல்றாங்க. நீயே மடிச்சுட்டுப் போயிட்டு, இங்க வந்து தேடறியா?"

"நான் மடிக்கலம்மா."

"பின்ன இலை தானா மடிஞ்சுக்கிச்சா?"

நீ என்னைப் பார்த்தாய். உன் கண்ணில் அப்போதும் சந்தேகம் இல்லை. நான் சாட்சி சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாய். வெளியே குப்பை வண்டியின் ஹாரன் கேட்டது. ஆட்கள் பீப்பாய்களை உருட்ட ஆரம்பித்தார்கள். "அப்பா," என்றாய், "நான் மடிக்கலப்பா."

நான், இந்தக் குடும்பத்தின் மகா கதைசொல்லி, வாயைத் திறந்தேன். "விடுடா, அந்த மாடு தின்னுருக்கும். நாளைக்குப் பள்ளிக்கரணையில நேர்ப்பல்லோட சிரிச்சுட்டு நிக்கும் பாரு" என்றேன். கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். உன் அம்மாகூடக் கோபத்துக்கு நடுவில் சிரித்துவிட்டாள். வண்டி போய்விட்டது. நீ உன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தக் கைகள்தான் மடித்திருக்குமோ என்று நீ அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தாய். எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடு அதற்குப் பிறகு வளர்ந்தது. வெளிநாட்டுப் பறவைகள் பள்ளிக்கரணைக்கு வருவதே அந்த மாட்டின் சிரிப்பைப் பார்க்கத்தான் என்றேன். அதன் பாலில் போட்ட காபியைக் குடித்தால் கோணல் பல் நேராகும் என்றேன். ஒவ்வொரு சீமந்தத்திலும் காதுகுத்திலும் கதை ஒரு முழம் நீண்டது. ஒவ்வொரு முறையும் "நம்ம பையன் இலைய மடிச்சு வீசிட்டான்" என்றே ஆரம்பித்தேன். உன் அம்மா உனக்குத் தொலைச்சான் என்று பெயர் வைத்தாள். உன் சான்றிதழ்களை அவள் பீரோவில் வைத்தாள், உன் பாஸ்போர்ட்டை அவள் பையில் வைத்தாள். தொலைந்தால் உடனே வரச்சொன்ன டாக்டரம்மாவிடமும் நான் உன்னை அழைத்துப் போகவில்லை. எப்படித் தொலைந்தது என்று அவர் கேட்பார் என்ற பயம். "பரீட்சை முடியட்டும்" என்றேன், பிறகு "காலேஜ் சேரட்டும்" என்றேன். பல் அதற்கெல்லாம் காத்திருக்குமா? கோரைப்பல் ஒரு நூல் ஒரு நூலாகத் தன் மலைக்கே திரும்ப ஏறியது. கடைசியில் டாக்டரம்மாவிடம் போனபோது, பழைய அச்சில் ரீடெய்னர் செய்தால் உட்காராது, மறுபடி முதலிலிருந்து கம்பி என்றார். "வேணாம்பா, நான் திரும்பவும் தொலைச்சுடுவேன்" என்றாய். மறுபடி வாயை மூடிச் சிரித்தாய்.

பிறகு, இருபத்தைந்து வயதில், உன் சம்பளத்தில், யாரையும் கேட்காமல் போய் அலைனர் போட்டுக்கொண்டாய். பொறுப்பான ஆளுக்குத்தான் என்று டாக்டரம்மா சொன்ன அதே நான்காவது வாய். ஆபீஸ் கேண்டீன், நண்பன் கல்யாணம், ஊட்டிப் பயணம், எல்லா இடத்திலும் கழற்றிப் பெட்டியில் வைத்து, கழுவி, மாட்டினாய். நேற்று உன் அலமாரியைத் திறந்து பார்த்தேன், இதற்கும் மன்னிப்பு. போட்டு முடித்த அலைனர்கள் அத்தனையும் நம்பர் எழுதிய கவரில் வரிசையாக இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், நடுவில் ஒரு நம்பர்கூடக் குறையவில்லை. தொலைச்சானின் அலமாரி!

ஆகவே அப்பாவின் உபதேசம் கொஞ்சம்தான். கீழ்வரிசைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியை மறந்துவிடாதே. அது எப்போது விட்டது என்று அதுவாகச் சொல்லாது, நாக்கால் தடவிப் பார். மேல் ரீடெய்னரை வெந்நீரில் காட்டாதே, சுருங்கிவிடும். பச்சைத்தண்ணீர் போதும். சில மாதத்தில் இரவு மட்டும் போட்டால் போதும் என்பார்கள். அந்த இரவுகளுக்குக் கடைசித் தேதி கிடையாது, கிழவனான பிறகும் போடு. ஒருநாள் விட்டு மாட்டும்போது இறுக்கினால் பல் நகரப் பார்க்கிறது என்று அர்த்தம், உட்காரவே மறுத்தால் அமுக்காமல் டாக்டரிடம் ஓடு. தொலைந்தால் அன்றைக்கே சொல். தொலைத்தது யாராக இருந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நாள் போனால் பழைய அச்சு பொருந்தாது. அதை நான் உன் வாயில் பார்த்தேன்.

இந்தப் பெட்டியை உன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். கல்யாணத்தன்று இது உன் பையிலேயே இருக்கட்டும். போட்டோவில் தவளை மாதிரித் தெரிந்தால் தெரியட்டும். தாலியையும் நீதான் எடுத்துவருகிறாய். உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அதற்குத்தான் எனக்கு உதறுகிறது. பந்தியில் உன் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்காமல் நான் நின்றுகொள்கிறேன். என் கை உன் இலைப் பக்கம் வந்தால், நித்யாவை விட்டு அடிக்கச் சொல்.

குரூப்பில் இதைப் படித்துவிட்டு உன் மாமா, "அத்தான் புதுசா ஒண்ணு அவுத்து விட்டுருக்காரு" என்று சிரிக்கும் பொம்மை போடுவான். போடட்டும். அவர்களுக்காக எழுதி வைக்கிறேன். விரால் மீன் பொய். சிரிக்கும் மாடு பொய், பறவைகள் பொய், காபி பொய். 'எடுத்துட்டாங்க' எல்லாவற்றையும்விடப் பெரிய பொய். இந்தப் பதினொரு வருஷக் கதையில் சின்னதாக ஒரே ஒரு வரி மட்டும் நிஜம். அதையும் நான் சொல்லவில்லை, பதினாறு வயதில், முழங்கை வரை சாம்பாரோடு நின்று, நீ சொன்னாய்.

"நான் மடிக்கலப்பா."